நாற்பத்தொரு வாய்கள்

"வகுப்பில் இல்லாத பிள்ளை பதில் சொல்லுது, அம்மா" என்றார் சுடலைமணி.

அவர் பத்தாம் வகுப்பு ஆசிரியர். கல்குவாரிக்கு அப்பால் தனியாக வாழ்ந்த பெண் குருவிடம் விடுமுறை நாட்களில் தியானம் பழக வருவார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஊரில் எல்லோரையும் போல அவரும் சுடலைமணியை 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

"எந்தப் பிள்ளை, சார்?"

"ஜெபசீலி. பதினோரு நாளா வரலை. காலையில பதிவேட்டைப் பார்த்து அவ பேரைக் கூப்பிடுறேன். 'உள்ளேன் ஐயா'ன்னு சத்தம் வருது. நிமிர்ந்து பார்த்தா நாற்பத்தொரு வாயும் மூடியிருக்கு."

"ஏன் வரலை?"

சுடலைமணி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சுற்றுலா போனப்ப பஸ்ல வாயைத் திறந்து தூங்கிட்டா. ஒரு பயல் அதைப் படமெடுத்து ஸ்டிக்கர் ஆக்கிட்டான். முகத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு. கீழே 'பிணம்'னு எழுத்து."

"ம்."

"வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல, 'நாளைக்கு எந்தப் பாடம் பரீட்சை?'ன்னு கேட்டா. பதிலுக்கு அந்த ஸ்டிக்கர் வந்துச்சு. ஒண்ணு, பத்து, முப்பது. அவ முகமே அவளுக்குப் பதில் சொல்லிச்சு."

"குரூப்புக்கு அட்மின் யாரு?"

"நான்தான்."

"பார்த்தீங்களா?"

"அப்பவே பார்த்தேன். நான் ஏதாவது சொல்லப்போய் பெரிசாயிடும்னு விட்டுட்டேன். பசங்க விளையாட்டு, ரெண்டு நாள்ல அடங்கிடும்னு..."

"பிள்ளை எப்படி இருக்கா?"

"இப்ப அறைக்குள்ளேயே கிடக்காளாம். சோத்துத் தட்டை வாங்க மட்டும் கதவைத் திறப்பாளாம். நேத்திலிருந்து அதுக்கும் திறக்கலையாம். அந்தக் குரல் யாரோடதுன்னு சொல்லுங்க, அம்மா. எனக்குப் பயமா இருக்கு."

குரு எழுந்து நடந்தார். குவாரியின் விளிம்பில் போய் நின்றார். கீழே அசையாத பச்சைத் தண்ணீர். நல்ல வெயில். ஒரு பறவைகூட இல்லை.

"இங்கே கூப்பிடுங்க."

"ஜெபசீலி!"

எதிர்ப்பாறையிலிருந்து அந்தப் பெயர் திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"உள்ளேன் ஐயா."

மிக அருகில் கேட்டது. சுடலைமணி திரும்பினார்.

குரு தண்ணீரைப் பார்க்கவில்லை. பாறையையும் பார்க்கவில்லை. சுடலைமணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தொரு வாயைத்தானே பார்த்தீங்க, சார்?"

சுடலைமணியின் கை தானாக உதட்டுக்குப் போனது. உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"நான் என்ன செய்யணும்?" என்றார்.

"அவ வீட்டுக்குப் போங்க."

"போய் என்ன சொல்ல?"

"அவ கூப்பிட்டா பதில் சொல்லுங்க."



ஜெபசீலியின் அறைக்கு வெளியே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் அவளுடைய அம்மா தட்டோடு நின்றிருந்தார்.

"சார் வந்திருக்கேம்மா."

உள்ளே அசைவில்லை. சுடலைமணி தரையில் உட்கார்ந்தார்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அகிலன்."

இடைவெளி.

"அன்புமலர்."

பதிவேட்டின் வரிசை. அவர் இழுத்துக் கூப்பிடும் அதே ராகம். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் அவள் காத்திருந்தாள். யாரும் பதில் சொல்லவில்லை. தட்டில் சோறு ஆறியது. தன் பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் அவள் நிற்காமல் தாண்டிப் போனாள்.

நாற்பத்தொரு பெயர்களும் முடிந்தன.

"சுடலைமணி."

அவர் எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார்.

"உள்ளேன் அம்மா."

உள்ளே தாழ்ப்பாள் நகர்ந்தது.