காந்தத் தண்ணீர் மோர்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், வேம்பனூர்ச் சீமையை மகுடவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருத்தரைத் தலைமேல் தூக்கிவைப்பார், சாயங்காலம் தொப்பென்று கீழே போட்டுவிடுவார். கடைசியாகத் தூக்கிவைத்தது சடாதரப் பண்டிதரை.

ராஜாவின் ஒரே மகள் அல்லிக்கு எட்டு வயசு. விடாத காய்ச்சல். "உடம்புக்குள் காந்த ஓட்டம் அடைபட்டிருக்கிறது. கஷாயம் கொடுத்தால் இன்னும் கெடும்" என்றார் பண்டிதர். பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை கையால் தடவிவிடுவார். காந்தக்கல்லை அண்டாத் தண்ணீரில் முக்குவார். அதைக் குடித்த அரண்மனைக்காரர்கள் கைகால் உதறி விழுந்து, "நோய் போச்சு!" என்று எழுந்தார்கள். ராஜா கஷாயம் கொடுத்துவந்த வைத்தியரை நிறுத்திவிட்டார். இரண்டு மாசத்தில் அல்லி துரும்பாகிவிட்டாள்.

மந்திரி அறவாழி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியாவது பிள்ளைக்கு மறுபடி கஷாயம் கொடுக்க வைக்கணும்.

"மகாராஜா, பண்டிதர் பெருமையை நாளைக்குச் சபையே பார்க்கட்டும்" என்றார்.

"பொறாமைக்காரருக்கும் புத்தி வந்துவிட்டதே!" என்று சிரித்தார் பண்டிதர்.

மறுநாள் பண்டிதர் கல்லை முக்கியெடுத்த அண்டாவை மூடி உள்ளே வைத்தார்கள். விருந்து முடிந்ததும் அண்டா சபைக்கு வந்தது. குடித்த பத்துப் பேரும் உதறி விழுந்தார்கள்.

"பார்த்தீரா மந்திரியாரே?"

"பார்த்தேன் ஐயா. இது சமையற்காரி இப்போதுதான் கிணற்றில் இறைத்தது. உங்கள் காந்தத் தண்ணீரில் நீர்மோர் கரைத்துவிட்டாள். விருந்தில் சபை முழுக்க அதைத்தான் குடித்தது. நீங்களே மூன்று குவளை குடித்தீர்கள். ஒரு விரலாவது உதறியதா?"

சபை குலுங்கச் சிரித்தது. ராஜா பண்டிதரின் பொன்னாடையை உருவிக்கொண்டு துரத்தினார், முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார்.

வைத்தியர் ஓடிவந்து அல்லியின் நாடி பார்த்தார். "ஒரு மாசம் முன்னால் கூப்பிட்டிருக்கலாமே" என்று சொல்லி அவள் கையை மெல்லக் கீழே வைத்தார்.

"மந்திரி, நீர்தான் பெரிய புத்திசாலியாச்சே! ஒரு வழி சொல்லுமய்யா!" என்று ராஜா கத்தினார். 

அல்லி கண் விழித்தாள். "பண்டிதத் தாத்தா எங்கே மாமா? அவர் தடவினால் வலி தெரியாது."

அறவாழி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். தலையிலிருந்து கால்வரை மெதுவாகத் தடவினார்.

"வலி போகுதா கண்ணு?"

"போகுது மாமா."

வாசலில் நின்ற ராஜா கேட்டார்: "உம் கையில் ஏதாவது இருக்கிறதா?"

"ஒன்றுமில்லை மகாராஜா."

"நிறுத்திவிடாதேயும்" என்றார் ராஜா.