சந்து முனைத் தகரம்

கொரோனா என்ற கிருமி ஊர் ஊராகச் சுற்றிவந்த காலத்தில், ஒரு பஞ்சாலை ஊரில் தொழிலாளர்கள் குடியிருந்த சந்தின் முனையைத் தகரம் வைத்து அடைத்தார்கள்.

தகரத்துக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "இனி உன் பாச்சா பலிக்காது," என்றது கிருமியிடம்.

"நான் உள்ளே அல்லவா இருக்கிறேன்?" என்றது கிருமி.

தகரம் திரும்பிப் பார்த்தது. சந்துக்கு மொத்தமும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. முதல் வீட்டில் ராமாத்தாள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் குப்புராசு சுடுதண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எந்திரி புள்ள."

"போனா அடைச்சுப் போட்டுருவாங்க. திரும்பி வந்தா மில்லுல வேலை இருக்குமுங்களா? ரெண்டு நாள் பாக்கலாமுங்க."

தகரத்துக்குக் கோபம் வந்தது. "மில் முதலாளியையும் நீதான் தொட்டாய். அவர் மாடி அறையில் தனியாகப் படுத்து, வைத்தியம் பார்த்து எழுந்துவிட்டார். இவளை மட்டும் ஏன் இப்படி வாட்டுகிறாய்? ஆளைப் பார்த்துத்தான் அடிப்பாயா?"

"எனக்கு ஆள் தெரியாது," என்றது கிருமி. "இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் நுழைந்தேன். இங்கே எனக்கு முன்பே குடியிருந்தவர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள்."

"யார் அது?"

"நான்தான்," என்றது ராமாத்தாளின் நெஞ்சுக்குள்ளிருந்து பஞ்சுத் தூசி. "கல்யாணத்துக்கு முன்பிருந்தே இவளோடு இருக்கிறேன். இருமினாள், சுக்குக் கஷாயம் குடித்தாள், மறுபடி வேலைக்கு வந்தாள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை."

"நானும் இருக்கிறேன்," என்றது இரத்தத்திலிருந்த சர்க்கரை நோய். "ஷிப்டை விட்டுவிட்டு மாத்திரை வாங்கப் போக இவளுக்கு எங்கே நேரம்?"

மறுநாள் விடியும்போது ராமாத்தாளுக்குப் பேச்சு நின்றது. குப்புராசு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தகரத்தை உதைத்தான். தகரம் தன்னால் ஆனமட்டும் வளைந்து வழிவிட்டது. ஆனால் நேரம் கடந்திருந்தது. ராமாத்தாள் திரும்பி வரவில்லை.

நோய் அடங்கியதும் ஆட்கள் வந்து தகரத்தைக் கழற்றினார்கள். "கொரோனா போயிருச்சுங்க," என்றார்கள். 'மற்றவை போகவில்லையே' என்று தகரம் சடசடத்தது. பழைய தகரம் அப்படித்தான் சத்தம் போடும் என்று வண்டியில் ஏற்றினார்கள்.

வண்டி மில்லைக் கடக்கும்போது சங்கு ஊதியது. ராமாத்தாளின் இடத்தில் வேலைக்குச் சேர்ந்த அவள் மகள் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசி வாசல்வரை வந்து அவளை அழைத்துக்கொண்டது.

அந்த வாசலில் யாரும் தகரம் அடிக்கவில்லை.