சிரட்டைக்குக் குறிவைத்தவள்

செல்லக்கனி கேட்ட கேள்விக்குப் பதிலாக ஜெபசீலி டீச்சர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

கேள்வி இதுதான். "இங்க பத்துக்கு ஒம்பது விழுது டீச்சர். ஆட்டத்துல மட்டும் ஏன் என் மானத்தை வாங்குது?"

அவள் சொன்னது பொய்யில்லை. ஐஸ் பேக்டரி மதிலை ஒட்டிக் காற்றே நுழையாத ஒரு மூலை. மீன்வலைக் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு அங்கே வந்து, புதுக் கம்பளிப் பந்தால், கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டையைக் குறிபார்த்துத் தினம் இருநூறு சர்வீஸ் போடுவாள். ஊர்ப் பூப்பந்து அணியில் எப்போதாவது உள்ளே இறங்கியது போக, ஆறு வருஷமாக பெஞ்சைத் தேய்த்தவள். அணிக்குப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் அவளைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மைதானத்தில் டீச்சர் டீச்சர்தான். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். ஐவர் அணிக்கு ஐந்தாவது ஆள் யாரென்று இன்னும் வாய் திறக்கவில்லை அந்த மகராசி.

டீச்சர் ஒரு பந்தை வாளியில் முக்கினார். நூல் பிரிந்த பழைய பந்து ஒன்றையும் தேடி எடுத்தார்.

"வாங்கக்கா, வெட்டவெளிக்குப் போவோம்."

"அங்க கடல்காத்து பந்தை அள்ளிட்டுப் போயிருமே!"

"போகட்டும்."

ஒவ்வொரு அடிக்கும் பந்து மாறியது. நிற்கிற இடம் மாறியது. சிரட்டையும் ஓரிடத்தில் நிற்கவில்லை. "அந்தக் கம்பத்தைத் தொட்டுட்டு ஓடிவந்து போடுங்க" என்பார் திடீரென்று. பத்துக்கு மூன்றுதான் விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்த சிரிப்பில் செல்லக்கனிக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்காம் நாள் மட்டையைக் கீழே போட்டாள்.

"இருந்த கையையும் கெடுத்துட்டீங்க டீச்சர். என்னைச் சேர்க்க இஷ்டமில்லன்னா நேராச் சொல்லிருங்க."

"அஞ்சாவது ஆள் நீங்கதான்க்கா. முத நாளே பேர் குடுத்துட்டேன். மட்டையை எடுங்க."

எடுத்தாள். அன்றைக்கு நான்கு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திரண்டுவிட்டது. முப்பத்து நான்குக்கு முப்பத்து மூன்று. இன்னும் ஒரே ஒரு புள்ளி! சர்வீஸ் செல்லக்கனி கையில்! அந்த நேரம் பார்த்தா தூறல் பிடிக்க வேண்டும்? பந்து சேற்றில் உருண்டு, ஒரு பக்கம் மண் அப்பிக்கொண்டு வந்தது. மாற்ற முடியாது என்று நடுவர் கையை விரித்துவிட்டார். கடல்காற்று நின்று, கரைக்காற்று திரும்பியிருந்தது.

அவள் பந்தை உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். பந்தல் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தாள். அரையடி தள்ளி நின்றாள். அடித்தாள்.

கடைக்கோடி மூலையில், கோட்டுக்குள்ளே, பொத்தென்று விழுந்தது பந்து. எதிரணியில் ஒருத்தியும் அசையவில்லை.

விசில் காதைப் பிளந்தது. தன்னைத் தூக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு செல்லக்கனி டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர்! மண்ணு ஒட்டின பந்து, இப்பிடி ஒரு காத்து... இதை நான் ஒரு தடவகூட அடிச்சுப் பழகலையே! எப்பிடி விழுந்துச்சு?"

டீச்சர் குனிந்து சேற்றிலிருந்து பந்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இந்த வாரம் எந்த அடியைக்கா நீங்க ரெண்டு தடவ அடிச்சீங்க?"