கல் அடைத்த நீர்நாய் வளை

நெட்டிக்குளத்துக் காட்டில் ஒரு நீர்நாய் இருந்தது. அதன் பெயர் குமிழி. அது இரண்டு குட்டிகளோடு கரையோரப் பாறை இடுக்கில் குடியிருந்தது. அந்த இடுக்குக்கு ஒரே வாசல். காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

அன்று காலையிலிருந்து அந்த வாசலில் கல் ஏறிக்கொண்டிருந்தது.

குற்றம் சாட்டியது கானாங்கோழி. கோரைப் புதருக்குள் கூடு கட்டி முட்டையிட்டிருந்தது, பாவம். இரை தேடிப் போய்த் திரும்பும்போதெல்லாம் ஒரு முட்டை குறைந்திருக்கும். இப்போது மூன்றுதான் மிச்சம். அப்போதெல்லாம் குமிழி குளத்தில் நீந்திக்கொண்டிருக்கும். போதாதா? "இவதான் தின்னா!" என்று அழுதபடி கோழி காட்டெருமையிடம் ஓடியது. காட்டெருமைதான் அந்தக் காட்டுக்கு நாட்டாமை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் வளைக்குள் போய் உட்கார வேண்டும். குற்றம் சொல்பவர் வாசலில் முதல் கல்லை வைப்பார். வழக்குக்கு வலு சேர்க்க வருபவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஆளுக்கொரு கல் வைப்பார்கள். வாசல் முழுவதும் அடைபட்டால் தீர்ப்பு முடிந்தது. பிறகு யாரும் அதைத் திறக்கக் கூடாது.

இதில் ஒரு கோளாறு உண்டு. நாட்டாமை கல்லைப் பார்ப்பாரே தவிர, காரணத்தைப் பார்க்க மாட்டார்!

கோழி முதல் கல்லை வைத்ததும் குரங்கு வந்தது. "ஐயா, அவ மீசையைப் பாருங்க. திருட்டு மீசை!" என்றது.

"ஒரு காரணம். வை கல்லை!" என்றார் நாட்டாமை.

அடுத்துத் தவளை. "போன வாரம் என் தாய்மாமனை இவ தின்னுட்டா ஐயா! மாமனைத் தின்னவ முட்டையைத் தின்ன மாட்டாளா?"

உள்ளேயிருந்து குமிழியின் குரல் கேட்டது. "தவளையைத் தின்னேன். மறைக்கலை. மீனும் தவளையும்தான் எங்க சாப்பாடு. ஆனா முட்டையைத் தொடலை ஐயா!"

"தின்னேன்னு அவளே ஒத்துக்கிட்டா!" என்று கூட்டம் கத்தியது. எதை ஒத்துக்கொண்டாள் என்று கேட்க ஒரு ஆள் இல்லை. தவளை தன் கூழாங்கல்லை வைத்தது.

பிறகு நரி வந்தது. "முட்டை நல்ல ருசி. ருசியானதை யார்தான் விடுவாங்க?"

"ருசின்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"சொல்லக் கேள்விங்க!" என்று சொல்லி, அவசரமாக ஒரு கல்லை உருட்டிவிட்டு நரி பின்னால் போய் நின்றுகொண்டது.

அதற்குப் பிறகு கும்பலோடு கோவிந்தாதான். முயல் வைத்தது, அணில் வைத்தது, எதற்கு வைக்கிறோம் என்றே தெரியாமல் ஆமையும் வைத்தது. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். உள்ளே இருட்டு கூடியது. குட்டிகள் முனகத் தொடங்கின.

இத்தனைக்கும் முன்னால் நின்று ஏற்பாடு செய்தது செம்போத்து. செம்போத்து குறுக்கே பறந்தால் நல்ல சகுனம் என்று அந்தக் காடே நம்பியது. அது வலம் போகாமல் பஞ்சாயத்தே தொடங்காது. செந்நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக அது வந்து நின்றால் நாட்டாமைகூட ஒரு அடி தள்ளி நிற்பார்.

"வேற யாரு? இன்னும் யாரு?" என்று செம்போத்து கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. "கோழி கூட்டைவிட்டுப் போறது உச்சி வேளையில. அந்த நேரத்துல குளத்துல இருக்கிறது யாரு? இவதான்! வேற என்ன வேணும்?"

மரக்கிளையிலிருந்த மீன்கொத்தி வாயைத் திறந்தது. "அந்த நேரத்துல நானும்தான் குளத்துல இருக்கேன். கோரைக்குள்ள உங்க குரல்கூட..."

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்று செம்போத்து சீறியது. மீன்கொத்தி மேல் கிளைக்குப் பறந்தது. சகுனப் பறவையிடம் யார் வம்பு வளர்ப்பது?

சூரியன் உச்சி தாண்டிவிட்டது. வாசலில் ஒரு கை நுழையும் அளவு சந்துதான் பாக்கி. குட்டிகளின் முனகலும் குறைந்துபோனது. அது இன்னும் பயமாக இருந்தது. செம்போத்து ஒரு தட்டைக் கல்லைக் காட்டி, "கோழியம்மா, வழக்கு உன்னோடது. கடைசிக் கல்லை நீயே வை!" என்றது.

கோழி கல்லைத் தள்ளிக்கொண்டு சந்தருகே வந்தது. உள்ளே இரண்டு கண்கள் தெரிந்தன.

"அக்கா!" என்றது குமிழி. அதற்கு மூச்சு வாங்கியது. "உன் முட்டையைத் தின்னது நானா இருந்தா, நீ என்னை அடைக்கிறது நியாயம். ஆனா தின்னது வேற ஆளா இருந்தா? இந்தக் கல்லு என்னையும் என் குட்டிகளையும்தான் மூடும். அவன் வெளியிலதானே இருப்பான்? உன் கூட்டுல மிச்சமிருக்கிற மூணு முட்டைக்கு யாரு காவல்?"

கோழியின் கால் அப்படியே நின்றது.

இவ்வளவு நேரமும் அதற்குக் கோபம்தான் இருந்தது. இப்போது பயம் வந்தது. குரங்கு சொன்ன மீசை, தவளையின் மாமன், நரி சொன்ன ருசி என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. அதில் ஒன்றுகூட அதன் முட்டையைப் பற்றிப் பேசவில்லை! முதல் கல்லை வைத்த தன்னுடைய காரணம் மட்டும் என்ன வாழ்ந்தது? குளத்தில் நீந்தியதைத்தான் பார்த்தது. கூட்டருகே பார்க்கவே இல்லை.

"ஐயா, என் வழக்குக்கு இன்னும் வலு வேணும்" என்றது கோழி.

நாட்டாமை கண்ணை உருட்டினார். "இவ்வளவு கல்லு குவிஞ்சிருக்கே, இன்னுமா?"

"கல்லு இருக்கு ஐயா. தின்னது இவதான்னு காட்டுற காரணம் ஒண்ணுகூட இல்லையே! காலையிலேர்ந்து இவ உள்ளேயே கிடக்கா. இப்ப என் கூட்டுல முட்டை குறைஞ்சிருந்தா, திருடினது இவ இல்லை. போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"குறையாம இருந்தா?" என்று கேட்டது செம்போத்து.

கோழி யோசித்தது. "அப்பவும் முழுசா நம்ப முடியாதே! இவ மட்டுமா இங்க கிடக்கா? காலையிலேர்ந்து நாம எல்லாருமே இங்கதான் நிக்கிறோம். திருடன் நம்மள்ல ஒருத்தனா இருந்தாலும் முட்டை பத்திரமாத்தானே இருக்கும்?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நரி இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்தது.

செம்போத்து பலமாகச் சிரித்தது. "சுத்தி வளைக்காதே கோழியம்மா! போய்ப் பாரு. மூணும் இருந்தா, கடைசிக் கல்லை நானே வைக்கிறேன். என்ன நாட்டாமை ஐயா?"

"அப்படியே ஆகட்டும்! மூணும் இருந்தா மூடு. குறைஞ்சிருந்தா திற" என்றார் நாட்டாமை. கோழி சொன்ன பாதி அவர் காதில் ஏறவே இல்லை.

முட்டை பத்திரமாக இருந்தால் ஒரு குடும்பம் உள்ளே மூச்சுமுட்டிச் சாகும். முட்டை போயிருந்தால் தன் பிள்ளை போனது. எதை வேண்டிக்கொள்வது? எதையும் வேண்டிக்கொள்ள முடியாமல் அது கோரைக்குள் ஓடியது. சாட்சிக்கு மீன்கொத்தியும் கூடவே பறந்தது.

கரையில் எல்லாரும் கோரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்போத்து மட்டும் தட்டைக் கல்லின்மேல் ஏறி நின்று சிறகை நீவிக்கொண்டிருந்தது. அதற்கென்ன கவலை? காலையிலிருந்து அது இந்த இடத்தைவிட்டு அசையவில்லையே!

கோழி திரும்பி வந்தது.

"ரெண்டுதான் இருக்கு" என்றது. அதற்குமேல் பேச முடியாமல் ஓவென்று அழுதது.

"ஓட்டுல ஈரம்கூடக் காயலை ஐயா. இப்பதான் உடைச்சுக் குடிச்சிருக்காங்க!" என்றது மீன்கொத்தி.

செம்போத்தின் சிறகு அப்படியே நின்றுபோனது. "இருக்காது! எப்படிக் குறையும்? நான் இங்கதானே..." என்று தொடங்கி, பாதியில் வாயை மூடிக்கொண்டது.

நாட்டாமை மெல்லத் திரும்பினார். அவர் ஒரு காரணத்தைக் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. "நீங்க இங்க இருந்தா முட்டை ஏன் குறையக் கூடாது, செம்போத்தாரே?"

செம்போத்து பதில் தேடிக்கொண்டிருந்தபோதே தாழம்புதர்ப் பக்கமிருந்து "ஊப், ஊப், ஊப்" என்று ஒரு சத்தம் கேட்டது. செம்போத்தின் மனைவி தத்தித் தத்தி வந்தாள். பஞ்சாயத்துக்கே வராமல் குஞ்சுகளோடு கூட்டில் இருந்தவள். இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"என்னங்க, உங்களுக்கே இது நல்லாயிருக்கா? தினமும் உச்சி வேளைக்கு முட்டையோட வந்துடுவீங்க. இன்னைக்கு ஆளையே காணோம்! பிள்ளைங்க பசியில கத்துதுங்க. நீங்க சொன்ன கோரைக்கூட்டுக்கு நானே போய் ஒண்ணை உடைச்சு ஊட்டிட்டு வர்றேன், பத்தலை. இன்னும் ரெண்டு இருக்கு, அதை நீங்க எடுத்துட்டு வாங்க!"

அவள் அலகில் மஞ்சள் கரு காயாமல் ஒட்டியிருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! கோழி பாய்ந்த பாய்ச்சலில் செம்போத்தின் வால் சிறகு பாதி அதன் வாயோடு வந்துவிட்டது. மனைவியை இழுத்துக்கொண்டு செம்போத்து முள்ளுக்காட்டுக்குள் விழுந்தடித்துப் பறந்தது. அது குறுக்கே பறந்ததை அன்று யாரும் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"கல்லை எடுங்க!" என்று நாட்டாமை முழங்கினார். வைக்கும்போது இருந்த சுறுசுறுப்பு எடுக்கும்போது இல்லை. தன் கல் எது என்று ஆமைக்குத் தெரியவில்லை. தவளையின் கூழாங்கல் அடியில் சிக்கிக்கொண்டது. கடைசியில் நாட்டாமையே கொம்பால் முட்டித் தள்ளினார்.

குமிழி ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அடுத்ததைக் கொண்டு வந்தபோது அது துவண்டு கிடந்தது. குமிழி அதை நக்கியது. தண்ணீரருகே வைத்துப் புரட்டியது. மறுபடியும் நக்கியது. குட்டி ஒரு தும்மல் போட்டது. அப்போதுதான் எல்லாருக்கும் உயிர் வந்தது.

"தங்கச்சி, என்னை மன்னிச்சிடு" என்றது கோழி. "இங்கேயே இரு. இனிமே உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

"உன்மேல கோபம் இல்லை அக்கா. முட்டையைப் பறிகொடுத்தவ நீ, அழத்தான் செய்வே" என்றது குமிழி. "ஆனா ஒண்ணுமே பறிகொடுக்காதவங்க இத்தனை பேரு கல்லு வச்சாங்களே! இவங்க நடுவுல என் குட்டிகளை எப்படித் தூங்க வைப்பேன்?"

குமிழி குட்டிகளை அழைத்துக்கொண்டு, ஓடை வழியாக அடுத்த காட்டுக்குப் போய்விட்டது.

நூறு பேர் சேர்ந்து சொல்வதால் ஒரு குற்றச்சாட்டு வலுப்பெறாது. வேறு யாரும் அதைச் செய்திருக்க முடியாது என்று காட்டும் ஓர் உண்மைதான் அதற்கு வலு.