சேதுக்கனியின் நீலச் சேலை

அந்தக் காலத்தில் கடலில் கிடந்த கிளிஞ்சல்கூட மனிதர்களோடு வாயடித்தது. அப்போது பாம்பன் கரையில் கடற்பாசி எடுத்துப் பிழைத்தவள் சேதுக்கனி. எதையும் உச்சி வெயிலில் பரப்பிக் காயவைத்தால்தான் அவளுக்குத் திருப்தி.

ஒருநாள், புயலில் முறிந்த பவளக்கொம்பு ஒன்று அவள் காலடியில் வந்து ஒதுங்கியது.

"அக்கா, கையளவு வளர்ற வரைக்கும் என்னை வச்சிரு. அப்புறம் என் பாறையிலயே விட்டுரு" என்று கெஞ்சியது.

சேதுக்கனி ஒரு கண்ணாடி ஜாடியில் கடல்நீர் நிரப்பி, பவளத்தை அதில் இட்டுக் குடிசைக்குள் வைத்தாள். இரண்டே நாளில் பவளம் துவண்டுவிட்டது.

"பசிக்குதுக்கா. எனக்குள்ள பொடிப்பாசிங்க குடியிருக்காங்க. அவங்கதான் எனக்குச் சோறாக்கிப் போடுறது. வெளிச்சம்தான் அவங்களுக்கு அடுப்பு."

"பாசியா? பாசியப் பத்தி எனக்கே சொல்றியா!" என்று சிரித்தபடி, ஜாடியைத் தூக்கிப்போய்க் கொதிக்கும் மணலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

திரும்பி வந்தால், பவளம் உப்பாய் வெளுத்துக் கிடந்தது. பாசிகளெல்லாம் வெளியேறி ஜாடியின் அடியில் ஒண்டியிருந்தன.

"ஆத்தாடி, இது அடுப்பா, காட்டுத்தீயா? நாங்க உள்ள போக மாட்டோம்" என்றன.

"அவங்க வரலேன்னா நான் செத்துருவேன்க்கா" என்றது பவளம்.

சேதுக்கனிக்கு அழுகை முட்டியது. தினமும் முங்கிப் பாசி எடுக்கும் இடத்தில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று யோசித்தாள். அங்கே எல்லாமே நீலம்! ஓடிப்போய்த் தன்னிடமிருந்த ஒரே திருவிழாச் சேலையை, அந்த அவுரி நீலச் சேலையை, எடுத்து வந்தாள். ஜாடியைச் சூடில்லாத ஈர மணலுக்கு நகர்த்தி, வெயிலுக்கு மறைப்பாகச் சேலையைப் பந்தலாய்க் கட்டினாள். ஜாடிக்குள் நீலம் இறங்கியது.

"அட, நம்ம வீட்டு வெளிச்சம்!" என்று ஒரு பாசி எட்டிப்பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாய் எல்லாமே பவளத்துக்குள் குடியேறின.

அதன்பின், வெளிச்சம் மெல்லப் பழகட்டும் என்று, சேதுக்கனி தினம் ஒரு விரற்கடை மட்டும் சேலையை விலக்கினாள். பொழுது சாய்ந்ததும், "அடுப்ப அணைச்சிட்டுத் தூங்குங்க" என்று அதட்டுவாள். பவளம் நிறம் ஏறி, மொட்டு மொட்டாய்த் துளிர்த்து, கையளவு வளர்ந்தது. அதைப் பாறையில் விட்டுவந்த அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெயிலில் திட்டுத் திட்டாய் வெளிறிப்போன சேலையைக் கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போய், கேட்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தாள்.

அன்று முதல்தான் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் காலையில் நீல விளக்கை முதலில் போட்டு, வெளிச்சத்தை மெல்லக் கூட்டி, மாலையில் அணைக்கிறார்கள். நீலம் பட்டதும் பவளம் மினுங்குகிறதே, அது அக்காவின் சேலையை அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷம்தான்.