உடையணன் முறை முடியட்டும்

மந்தாக்குளத்துக் கண்மாய்க் கரையில் எலிவளை அதிகம். மார்கழி மழையில் தண்ணீர் தளும்பியபோது ஆளுக்கொரு வாக்கி-டாக்கி கொடுத்து மூன்று பேரைத் தள்ளித் தள்ளிக் காவலுக்குப் போட்டார்கள்: கொப்பையா, உடையணன், சாத்தையா. சொன்ன சொல்லை இவர்களைப்போல் அப்படியே கேட்பவர்கள் ஊரில் கிடையாது. வந்த வினையே அதுதான்.

கரை எங்காவது கசிந்தால், கலுங்கில் இருக்கும் விருமாயிக்கு வாக்கி-டாக்கியில் சொல்ல வேண்டும். அவள் பலகையைத் தூக்கி உபரித் தண்ணீரை ஓடையில் விட்டுவிடுவாள். கரைக்குக் கீழேதான் அவளுடைய ஒன்றரை ஏக்கர் நெல் நின்றது. மறுநாள் அறுப்பு.

ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், விசேஷம் இல்லாவிட்டால் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஜினியர் அம்மா.

கால் மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. கொப்பையாவுக்குக் கவலை வந்துவிட்டது.

“பேசாம இருந்தா, நான் சும்மா இருக்கேனா, செத்துக் கெடக்கேனான்னு விருமாயி அக்காவுக்கு எப்படித் தெரியும்?”

“நியாயந்தான்,” என்றான் உடையணன். “சும்மா இருக்கேன்னு அப்பப்பச் சொல்லிருவோம்.”

மூவரும் ஒரே சமயத்தில் சும்மா இருப்பதை அறிவித்தார்கள். விருமாயிக்குக் கடலை வறுக்கிற சத்தம்தான் கேட்டது. அவள் முறையிட, இன்ஜினியர் அம்மா திரும்பி வந்தார். கசிவில்லை என்றால் ‘ஒண்ணு’, கசிந்தால் ‘ரெண்டு’. ஒருவர் சொன்ன பிறகுதான் அடுத்தவர். மற்ற விவரமெல்லாம் நோட்டில். இப்படிப் பிரித்துச் சொன்னதும் மூவருக்கும் பரம திருப்தி.

சாயங்காலம்வரை ‘ஒண்ணு’ வரிசை தவறாமல் போய்க்கொண்டிருந்தது. கொப்பையா சொல்லி முடித்தான். அடுத்தது உடையணன். அவனோ கஞ்சி குடித்த அசதியில் கண்ணயர்ந்துவிட்டான். அந்த நேரம் பார்த்து சாத்தையாவின் காலடியில் தண்ணீர் கசிந்தது. அவன் பதறவில்லை. உடையணன் முறை முடியட்டும் என்று நோட்டை எடுத்தான். ‘கசிவு, விரல் தண்டி’ என்று எழுதினான். பிறகு ‘தொடை தண்டி’. பிறகு ‘செருப்பு போய்விட்டது’.

கரை உடைந்தது. நோட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி சாத்தையா விருமாயியின் வயல் வழியாக மிதந்து வந்தான். கலுங்கிலிருந்து ஓடி வந்த அவள், அவன் குடுமியைப் பிடிக்காத குறையாக வரப்புக்கு இழுத்துப் போட்டாள். நெல்லெல்லாம் முங்கிக் கிடந்தது.

“ஏன்டா பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“என் முறை வரலையேக்கா. ஆனா எல்லாம் எழுதியிருக்கேன்.” துளிகூட நனையாத நோட்டை நீட்டினான்.

அப்போது அவள் கையிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. கொட்டாவியோடு உடையணன், “ஒண்ணு,” என்றான்.

சாத்தையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதை அவள் கையிலிருந்து வாங்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, “ஒண்ணு,” என்றான்.

விருமாயி அவனை அறையக் கை ஓங்கினாள்.

“கரை இருந்தாத்தானக்கா கசியும்?” என்றான் சாத்தையா.