உச்சிமாகாளியின் ஒரே சாட்சி

எலுமிச்சைத் தோட்டக் காவலாளி உச்சிமாகாளிமேல் கொலைமுயற்சி வழக்கு. தோட்டத்தை வளைத்துப்போட அரிவாளோடு அவர் குடிசைக்குள் புகுந்தவர் ஊர்ப் பணக்காரர் சிங்கத்துரை. காட்டுப்பன்றி விரட்டும் உரிமத் துப்பாக்கியை நீட்டித்தான் உச்சிமாகாளி உயிர் தப்பினார். ஆனால் புகார் கொடுத்தவர் சிங்கத்துரை. பாவம், வெறுங்கையோடு சாலையில் காற்று வாங்கினாராம். தோட்டத்துக்குள்ளிருந்து இவர் குறிபார்த்தாராம். உயிர்ப் பயத்தில் இன்னும் தூக்கமே இல்லையாம். பெரிய மனிதர் சொன்னதைப் போலீசும் பயபக்தியோடு எழுதிக்கொண்டது.

"அவர் குடிசைக்குள் வந்ததற்குச் சாட்சி உண்டா?" என்று நீதிபதி கேட்டார்.

உச்சிமாகாளி சிங்கத்துரையைக் காட்டினார். "அவுகதான்யா சாட்சி. ஒரு கேள்வி கேட்டுக்கிடுதேன்."

வக்கீல்கள் சிரித்தார்கள். நீதிபதி அனுமதித்தார்.

உச்சிமாகாளி சிங்கத்துரையைக் கும்பிட்டார். "மொதலாளி, துப்பாக்கியப் பாத்ததும் நீங்க அலறியடிச்சு ஓடுனதா ஊரே சிரிக்குதே, நெசமா?"

சிங்கத்துரையின் மீசை துடித்தது. "எவம்லே சொன்னான்? அதுக்கா நான் பயப்படுவேன்? குழாய்க்குள்ள குளவி கூடு கட்டி அடைச்சுக் கெடந்துச்சு. சுடாதுன்னு என் கண்ணால பாத்தேன்!"

நீதிபதி பேனாவை வைத்தார். "சாலையிலிருந்தே குழாய்க்குள் பார்த்தீர்களா? சுடாத துப்பாக்கிக்கு உயிர்ப் பயம் வேறா?"

உச்சிமாகாளி விடுதலையானார். அத்துமீறலுக்கும் பொய்ப் புகாருக்கும் சிங்கத்துரைமேல் வழக்குப் பதியச் சொன்னார் நீதிபதி.

வாசலில் ஏட்டு கேட்டார்: "நெசமாவே ஊரு சிரிச்சுதா?"

"நேத்து வரைக்கும் இல்ல ஏட்டய்யா," என்றார் உச்சிமாகாளி. "இனிமே சிரிக்கும்."